சுவரைப் பார், நன்றி: ‘மதச்சார்பற்ற’ போதை மறுவாழ்வு பற்றி ஒரு பதில்

கேள்வி இது: “என் அக்கா மகன் அமெரிக்காவில் ஹெராயின் பழக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இணையத்தில் கிடைத்த ஒரு இலவச எண்ணுக்குப் போன் செய்ததில் நார்கனான் என்ற மையத்தைச் சொன்னார்கள். மருந்து கிடையாது, மதம் கிடையாது என்கிறார்கள். அது சைன்டாலஜி என்ற அமெரிக்க மத அமைப்பின் சர்ச்சோடு சேர்ந்தது என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். குடியை விட முயல்கிறவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களிலும்தான் கடவுள் பேச்சு வருகிறது. எல்லாம் ஒன்றுதானா? அனுப்பலாமா?”

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: அனுப்ப வேண்டாம். காரணம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினேழு வருடமாகக் குடிநோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் ஒரு கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெபக் கூட்டத்துக்கோ போய்விட்டு வந்தவர்கள்தான். சாமி பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. நம்பிக்கை ஒரு மனிதனை எழுப்பி உட்கார வைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. நோயாளி எந்த வாசலுக்குள் நுழைகிறார் என்பது நோயாளிக்கே தெரியாமல் இருப்பது, அதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

நார்கனானுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஓர் அறை, இரண்டு பேர். ஒருவர் சொல்கிறார்: “அந்தச் சுவரைப் பாருங்கள்.” மற்றவர் பார்க்கிறார். “நன்றி.” “அந்தச் சுவர் வரை நடந்து போங்கள்.” போகிறார். “நன்றி.” “சுவரைத் தொடுங்கள்.” தொடுகிறார். “நன்றி.” “திரும்புங்கள்.” “நன்றி.” பிறகு எதிர்ச் சுவர். மறுபடி அதே வார்த்தைகள், அதே நன்றி, மணிக்கணக்கில். இதற்கு முன்பே வேறொரு பயிற்சி முடிந்திருக்கும். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அசையாமல், பேசாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். அடுத்த கட்டத்தில் எதிரே இருப்பவர் சீண்டத் தொடங்குவார். கேலி செய்வார், உங்கள் பலவீனத்தைக் குத்திப் பேசுவார். நீங்கள் சிரித்தாலோ முகம் மாறினாலோ ‘தோற்றுவிட்டாய்’ என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்தப் பயிற்சிகளுக்கு ‘டிரெய்னிங் ரொட்டீன்’, ‘ஆப்ஜெக்டிவ்ஸ்’ என்று பெயர். சைன்டாலஜி சர்ச்சில் புதிதாகச் சேரும் ஒருவர் செய்வதும் இவற்றைத்தான். மூன்றாவது பெரிய அங்கம் நீராவிக் குளியலறை மாதிரியான சூட்டு அறை, அதாவது சானா. தினமும் சில நிமிடம் ஓடிவிட்டு, நயாசின் என்ற பி3 வைட்டமினை விழுங்கிவிட்டு, ஐந்து மணி நேரம் வரை வெப்பத்தில் வியர்க்க வேண்டும். இப்படி மூன்று வாரம், நான்கு வாரம் போகும். சர்ச்சுக்குள் இதன் பெயர் ‘பியூரிஃபிகேஷன் ரன்டவுன்’, சுத்திகரிப்புச் சடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்மிகப் படிக்கட்டில் முதல் படி அது. நார்கனானில் அதே விஷயம் ‘நச்சு நீக்கம்’ ஆகிவிடுகிறது.

அதற்குப் பிறகு வரும் பாடப் புத்தகங்களில் ஒன்று, வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது என்பதைப் பற்றியது. உங்களைச் சுற்றி சமூக விரோத மனப்பான்மை கொண்ட ஒருவர் இருக்கிறார், அவரோடு தொடர்பு வைத்திருப்பதால்தான் நீங்கள் மறுபடி மறுபடி விழுகிறீர்கள் என்று அது சொல்கிறது. ‘அடக்கி ஒடுக்கும் நபர்’ என்ற சைன்டாலஜிக் கோட்பாடுதான் அது, சட்டை மட்டும் வேறு. போதையிலிருந்து வெளிவரத் திணறும் ஒரு பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அவன் மனதில் முதலில் யார் முகம் வரும்? “ஏன்டா இப்படிச் சீரழிகிறாய்” என்று தினமும் கேட்ட அம்மாவின் முகம். குடும்பம்தான் அவனைத் தாங்க வேண்டிய நேரத்தில் இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இது எங்கிருந்து வந்தது? 1966இல் அரிசோனா மாநிலச் சிறையில் வில்லியம் பெனிடெஸ் என்ற கைதி தொடங்கியது. அவரே நீண்டகாலம் போதைப் பழக்கத்தில் இருந்தவர். சைன்டாலஜியை நிறுவிய எல். ரான் ஹப்பார்டின் ஒரு புத்தகம் சிறையில் அவர் கைக்குக் கிடைக்க, அதிலிருந்த பயிற்சிகளைச் சக கைதிகளோடு செய்து பார்த்தார். அந்த மனிதரின் தவிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறைக்குள்ளிருந்து தன்னைத் தூக்கி நிறுத்த ஒரு கயிறு தேடியிருக்கிறார், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். சானாவெல்லாம் பின்னால், 1970களின் கடைசியில் ஹப்பார்ட் உருவாக்கிச் சேர்த்தது. 1988இல் ‘அசோசியேஷன் ஃபார் பெட்டர் லிவிங் அண்ட் எஜுகேஷன்’ என்ற அமைப்பு வந்தது. சைன்டாலஜியோடு இணைந்த அந்த அமைப்புதான் நார்கனானுக்குத் தலைமை.

நார்கனான் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹப்பார்ட் மதத்துக்கும் எழுதினார், சமூகத்துக்கும் எழுதினார், நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை, யாரையும் மதம் மாற்றுவதில்லை என்பது அவர்கள் நிலை. இதைக் கேட்டவுடனே தள்ளிவிட முடியாது. ஆஸ்பத்திரிகளில் இன்று சொல்லித்தரும் மனக்கவனப் பயிற்சி எங்கிருந்து வந்தது? பௌத்தத் தியானத்திலிருந்து. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் அதைத் தீராத வலி உள்ள நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். யோகாவும் அப்படித்தான். கோயிலில் பிறந்தது ஆஸ்பத்திரிக்கு வரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மனக்கவனப் பயிற்சியை மருத்துவர்கள் பிரித்து மேய்ந்தார்கள். யாருக்குப் பலன், யாருக்கு இல்லை, யாருக்குக் கெடுதல் என்று சோதித்தார்கள், வெளியிட்டார்கள், மாற்றினார்கள். மூச்சைக் கவனிக்க மறுபிறவியை நம்பத் தேவையில்லை. நார்கனானிலோ பயிற்சிக்குச் சொல்லப்படும் காரணமே ஹப்பார்டின் சித்தாந்தம். போதைப் பொருளின் மிச்சம் உடல் கொழுப்பில் பல வருடம் ஒளிந்திருக்கும், அவ்வப்போது கசிந்து ஆசையைத் தூண்டும், வியர்வையில் அதை வெளியேற்றலாம் என்பது அவர் சொன்னது. கஞ்சாவின் வேதிப்பொருள் கொழுப்பில் சில வாரம் தங்குவது உண்மைதான். மற்றபடி இந்த விளக்கம் நிற்காது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் சில மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஹெராயினையும் உடல் விரைவிலேயே உடைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். உடலைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும்தான், வியர்வையில் போவது சொற்பம். ஆசை மறுபடி மறுபடி எழுவது மூளை கற்றுக்கொண்ட பழக்கத்தால்.

நயாசின் அளவைப் பாருங்கள். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 16 மில்லிகிராம். இந்தத் திட்டத்தில் 100 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 5,000 வரை ஏற்றுகிறார்கள். நயாசின் அதிகமானால் தோல் சிவந்து கொதிப்பது எல்லோருக்கும் நடப்பது, ரத்தக் குழாய் விரிவதால் வருவது. ஹப்பார்டோ அதைப் பழைய விஷமும் கதிர்வீச்சும் வெளியேறும் அடையாளம் என்று எழுதி வைத்தார். இவ்வளவு நயாசின் கல்லீரலைக் கெடுக்கும். ஊசி போட்டுப் பழகியவர்களில் பலருக்கு ஹெபடைட்டிஸ் சி வந்து ஏற்கெனவே கல்லீரல் நொந்திருக்கும். உங்கள் அக்கா மகன் ஊசி போட்டுக்கொண்டவனா என்று எனக்குத் தெரியாது. போட்டிருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

இனி அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நியூகர்க் என்பது அங்கே ஒரு சின்ன ஊர். பக்கத்தில் சிலோக்கோ என்ற இடத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பழைய பள்ளி வளாகம் மூடிக் கிடந்தது. அங்கே நார்கனான் மையம் வரப்போகிறது, வேலை கிடைக்கும் என்று ஊரார் சந்தோஷப்பட்டார்கள். 1989இல் ஒரு விழா. மேடையில் ஓர் அமைப்பு, நார்கனானின் சேவையைப் பாராட்டி 2 லட்சம் டாலர் காசோலை கொடுத்தது. யாரோ வெளியார் பார்த்து மெச்சிக் கொடுக்கும் நன்கொடை போலத்தான் இருந்தது. கொடுத்தது மேலே சொன்ன அதே தலைமை அமைப்பு! கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன என்பதும், அந்த உடம்புக்குப் பெயர் சைன்டாலஜி என்பதும் ஊராருக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் லாப்சிங்கர் விடாமல் எழுதி அதை வெளிக்கொண்டுவந்தார்.

1991 டிசம்பரில் மாநில மனநல வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. இந்த முறை பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, மருத்துவ ரீதியில் பாதுகாப்பானதும் இல்லை என்பது வாரியத்தின் முடிவு. அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மறு வருடமே ஒரு தனியார் தர அங்கீகார அமைப்பின் அங்கீகாரத்தைக் காட்டி, மாநிலச் சான்றிதழ் இல்லாமலே நடத்த விலக்கு வாங்கிவிட்டார்கள். பிறகு 2001இல் அதே மாநிலத்தில் ஏரிக்கரையில் ஆரோஹெட் என்ற பெரிய மையமாக அது இடம் மாறியது. அங்கே 2011 அக்டோபரிலிருந்து 2012 ஜூலைக்குள் இளைஞர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2013இல், விலக்கு ஏதுமின்றி எல்லாப் போதை மறுவாழ்வு மையங்களும் மாநிலச் சான்றிதழ் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. இருபத்தியொரு வருட ஓட்டை அது. கனடாவில் கியூபெக் மாநிலச் சுகாதாரத் துறை 2012 ஏப்ரலிலேயே துருவா-ரிவியேர் மையத்தை மூட வைத்தது.

பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். கலிஃபோர்னியா பள்ளிகளில் நார்கனான் ஆட்கள் இலவசமாகப் போதை விழிப்புணர்வு வகுப்பு எடுத்துவந்தார்கள். 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகை அந்த வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று எழுதிய பிறகு நகரப் பள்ளிகள் அதை நிறுத்தின. 2005இல் மாநிலக் கல்வித் தலைவர் ஜேக் ஓ’கானல் எல்லாப் பள்ளிகளும் கைவிட வேண்டும் என்றார். அதுவரை ஒரு பெற்றோருக்காவது தங்கள் பிள்ளை படிப்பது யாருடைய பாடம் என்று தெரிந்திருக்குமா?

2014 முதல் அமெரிக்காவில் பல குடும்பங்கள் வழக்குப் போட்டன. குற்றச்சாட்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. எழுபது சதவீதத்துக்கு மேல் வெற்றி என்றார்கள், மதச்சார்பற்றது என்றார்கள், பொதுவான ஆலோசனை எண் போல ஒரு தளம் வைத்து அங்கிருந்து இந்த மையத்துக்கு அனுப்பினார்கள், உள்ளே தனிநபர் ஆலோசனையே இல்லை, அண்மையில் அங்கேயே ‘தேர்ச்சி’ பெற்றவர்கள்தான் ஊழியர்கள். நீங்கள் போன் செய்ததும் அப்படி ஒரு எண்ணுக்குத்தானா என்று திரும்பப் பாருங்கள். அந்த எழுபது சதவீதத்துக்கும் ஆதாரம் இல்லை. நார்வே அரசின் சுகாதார ஆய்வு மையம் 2008இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பலன் உண்டு என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்று எழுதியது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ஏ.ஏ. மட்டும் என்ன ஒழுங்கு?

நியாயமான கேள்வி. ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது. அதன் வேர் ‘ஆக்ஸ்ஃபோர்ட் குழு’ என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுளோ ‘நம்மிலும் மேலான ஒரு சக்தி’யோ வருகிறது. தவற்றை ஒப்புக்கொள்வது, பிரார்த்தனை செய்வது எல்லாம் உண்டு. நாங்கள் மதம் இல்லை, ஆன்மிகம் என்று அவர்கள் சொல்வார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

1996இல் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு கைதியின் வழக்கு வந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஏ.ஏ. முறையில் நடக்கும் சிறைத் திட்டத்துக்கு வந்தால்தான் குடும்பத்தோடு தங்கிப் பார்க்கும் சலுகை தொடரும் என்றது சிறை நிர்வாகம். படிகளைப் படித்துப் பார்த்த நீதிபதிகள் இது மதம் சார்ந்தது, அரசு இதைக் கட்டாயமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். 2007இல் ஹவாயைச் சேர்ந்த ஒரு பௌத்தரின் வழக்கிலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையேதான் சொன்னது. கலிஃபோர்னியாவில் ஒரு நாத்திகர் பரோலில் வந்ததும் பன்னிரண்டு படி மையத்தில் சேர்க்கப்பட்டார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, வேறு மையம் கொடுங்கள் என்று கேட்டதற்காகத் திரும்பச் சிறையில் போட்டார்கள், நூறு நாளுக்கு மேல். 2014இல் அரசும் அந்த மையங்களை நிர்வகித்த நிறுவனமும் சேர்ந்து சுமார் 19 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தன.

கவனியுங்கள், எந்த நீதிமன்றமும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போகாவிட்டால் சிறை என்று அரசு சொல்லக் கூடாது, மதச்சார்பற்ற இன்னொரு வழியும் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

நான் நோயாளிகளை ஏ.ஏ.வுக்கு அனுப்புகிறவன். ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும், டீ இருக்கும். ஒருவர் எழுந்து “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லித் தன் கதையைச் சொல்வார். சுவரில் பன்னிரண்டு படிகளும் எழுதித் தொங்கும். கடவுள் என்ற சொல் வாசலிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. கட்டணம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பெரியார் வழிவந்தவர். “கடவுள் என்று வரும்போதெல்லாம் நான் ‘இந்த அறையில் இருக்கிறவர்கள்’ என்று மனதில் போட்டுக்கொள்கிறேன் சார்” என்றார். அப்படியே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டார். இன்னொருவரால் அப்படிப் போட்டுக்கொள்ள முடியவில்லை, நாலாவது கூட்டத்தோடு நின்றுவிட்டார். அவருக்கு வேறு வழி பார்த்தோம். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி மாதிரியான கடவுள் பேச்சில்லாத குழுக்கள் இருக்கின்றன.

ஏ.ஏ. தன்னைச் சோதிக்க விட்டது என்பதும் முக்கியம். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தது. முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சைகள், முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாமலும் சிலவற்றில் கூடுதலாகவும் பலன் தந்தன. இது குடிக்கு. ஹெராயினுக்கு இதை அப்படியே நீட்டிவிட முடியாது.

சிகிச்சை மதமாக மாறிய கதையும் ஒன்று உண்டு. 1958இல் கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டெடரிச் என்பவர் தொடங்கிய சினனான், ஹெராயின் பழகியவர்களுக்கான மறுவாழ்வுக் குடியிருப்பு. நீதிபதிகளே ஆட்களை அனுப்பினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவரைச் சுற்றி எல்லோரும் கத்தித் திட்டுவது அங்கே சிகிச்சை. 1970களின் நடுவில் அது தன்னை ஒரு மதம் என்று அறிவித்துக்கொண்டது. தலைவர் சொன்னார் என்று உறுப்பினர்கள் தலையை மழித்தார்கள், ஆண்கள் கருத்தடை செய்துகொண்டார்கள். 1978இல், அவர்களுக்கு எதிராக வழக்காடி வென்ற ஒரு வழக்கறிஞரின் தபால் பெட்டிக்குள் விஷப்பாம்பை வைத்தார்கள். கிலுகிலு சத்தம் வராதபடி வாலை நறுக்கிவிட்டு! கடிபட்டவர் பிழைத்தது பெரிய விஷயம். நோயாளி வெளியே போக முடியாத இடத்தில், கேள்வி கேட்க முடியாத ஒரு தலைவர் உட்கார்ந்துவிட்டால், அந்த இடம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது பிறகு ஒரு பொருட்டே இல்லை.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு பார்வை. இங்கே கோடு மங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டேன், பல இடங்களில் கோடே கிடையாது, அதை யாரும் மறைப்பதும் இல்லை. மாலை போட்டு 41 நாள் குடியைத் தொடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். குடியை விட வேண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், தர்காவில் சத்தியம் செய்கிறார்கள். தாய்லாந்தில் தம்கிராபோக் என்ற பௌத்த மடம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போதை அடிமைகளுக்குச் சத்தியம் வாங்கி, மூலிகைக் கஷாயம் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறது. மடம் என்று தெரிந்தேதான் போகிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் உடம்புக்குப் பக்தி தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபது வருடமாகத் தினமும் காலையிலிருந்து குடித்தவர். மாலை போட்ட அன்று ஒரேயடியாக நிறுத்தினார். முதல் நாள் இரவே கை நடுக்கம், வியர்வை. விரதக் களைப்பு என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். சாமி வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். அது குடி விலகலில் வரும் மனக்குழப்பம், கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் மருந்தும் தையமின் ஊசியும் போட்டு ஐந்து நாளில் தெளிந்தார். மாலையைக் கழற்றாமலே சிகிச்சை முடித்து மலைக்குப் போய் வந்தார். முதல் வாரத்தை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும், மீதி நாட்களுக்கு மாலை துணையாக இருக்கட்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

உங்கள் அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். ‘மருந்தே கிடையாது’ என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் பாருங்கள், ஹெராயினுக்கு அதுதான் பெரிய ஆபத்து. ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் மெதடோன், புப்ரநார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு போதையை விட்டு இன்னொன்றா என்று உங்கள் அக்கா கேட்பார். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்வதைப் போல என்று சொல்லுங்கள். மருந்தில்லாமல் நான்கு மாதம் ஒரு மையத்தில் அடைத்து வைத்து வெளியே விட்டால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் இல்லாமல் போயிருக்கும், பழைய அளவையே போட்டுக்கொள்வான். அந்த முதல் சில வாரங்களில்தான் நிறையப் பிள்ளைகள் இறக்கிறார்கள்.

எந்த மையமாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் போனில் கேளுங்கள். இதற்கு மாநில உரிமம் இருக்கிறதா? மருத்துவர் தினமும் வருவாரா, எப்போதாவது வருவாரா? புப்ரநார்ஃபின் தருவீர்களா? பாடப் புத்தகத்தை யார் எழுதினார்கள், முன்கூட்டியே எங்களுக்குப் படிக்கக் கொடுப்பீர்களா? இந்த முறை எந்த மத அமைப்போடாவது தொடர்புள்ளதா? பையன் நடுவில் வேண்டாம் என்றால் அவனை எங்கே அனுப்புவீர்கள், பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? சர்ச் நடத்தும் மையம் “ஆமாம், நாங்கள் ஜெபம் செய்வோம்” என்று வெளிப்படையாகச் சொல்லி, மற்ற கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொன்னால், அவனுக்கும் அதில் மனம் இருந்தால், யோசிக்கலாம். “அதெல்லாம் வந்த பிறகு தெரியும்” என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். இந்தக் கேள்விகளை அவனும் கேட்க வேண்டும். போகப்போகிறவன் அவன்தான்.

அமெரிக்க அரசின் போதை, மனநலச் சேவைத் துறையான சாம்சாவின் உதவி எண் 1-800-662-4357. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பக்கத்தில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள். அதற்கு முன்பே, இன்றைக்கே, உங்கள் அக்காவிடம் மருந்துக் கடைக்குப் போய் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே வாங்கச் சொல்லுங்கள். 2023இலிருந்து அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அளவு மீறி மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஆளை அது சில நிமிடங்களில் திரும்பக் கொண்டுவரும். ஒரு மூக்கில் அழுத்திவிட்டு உடனே 911ஐ அழைக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் மறு மூக்கில் இரண்டாவது. அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். அவன் அறைக் கதவுக்குப் பக்கத்தில், வீட்டில் எல்லோருக்கும் கை எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.